கவிழ்த்து வைத்த தட்டு

பத்து மணிக்கு மேல் வருகிறேன் என்று சொன்ன இன்சூரன்ஸ் பெண் இன்னும் வரவில்லை. பத்து மணிக்கு மேல் என்றால் பத்தரையும் மேல்தான், பன்னிரண்டும் மேல்தான், நாளைக்கு வந்தாலும் மேல்தான்; இந்த மனுஷர்கள் எதைச் சொன்னாலும் தாங்கள் நழுவிப் போக ஒரு சந்து விட்டுத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது என்று வேதவல்லி நினைத்தாள். கூடத்தில் மிஞ்சியிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சோபா மொட்டை மாடியில் காய்கிறது, மெத்தை கைப்பிடிச் சுவரில் தொங்குகிறது, பிளைவுட் பீரோவை யாரும் அசைக்க முடியாது, அசைத்தால் கால் கையோடு வந்துவிடும். இத்தனைக்கும் வீட்டுக்குள் நின்றது இரண்டு விரல்கடைத் தண்ணீர். இரண்டு விரல்கடைத் தண்ணீரைச் சுவர் உறிஞ்சி உறிஞ்சி ஒரு முழம் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டுவிட்டது, ஒன்பது நாளாகியும் இறக்க மாட்டேன் என்கிறது. வெள்ளைச் சுண்ணாம்பு அப்பளம் மாதிரி பொரிந்து தரையில் உதிர்கிறது, அவள் பெருக்குகிறாள், மறுபடி உதிர்கிறது. வாசனை வேறு. நனைந்த பழைய துணியும் ஊசிப்போன மாவும் கலந்த வாசனை, மூக்குக்குப் பழகிவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி வரும். அப்போது சமையலறையிலிருந்து கணவரின் குரல் வந்தது. "கிச்சன் குழாய் மூடியாச்சு." அவள் "சரி" என்றாள். குரல் அங்கேயே நின்றது, போகவில்லை, அவள் சொன்னது கேட்கவில்லை போலும். "சரிங்க, சரி" என்று உரக்கச் சொன்னாள். பிறகுதான் அவருடைய செருப்பில்லாத காலடி பால்கனிப் பக்கம் நகர்ந்தது.

தணிகாசலம் முப்பத்துநான்கு வருஷம் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவர். தண்டவாளத்தில் ஒரு பூட்டைக் கழற்றுவதென்றால் முதலில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும், மாட்டிய பிறகும் எழுதிக் கொடுக்க வேண்டும், அவர் 'சரி' என்று கையெழுத்துப் போட்டால்தான் வேலை முடிந்த கணக்கு, அதுவரைக்கும் ரயில் நகராது. கல்யாணமான புதிதில் அவர் இதைச் சொல்லச் சொல்ல அவளுக்குக் கொட்டாவி வரும். இப்போது இந்த ஐந்நூறு சதுர அடி வாடகை வீட்டில் அவளே ஸ்டேஷன் மாஸ்டர். குளியலறைக் குழாய் மூடியாச்சு, சரி. கேஸ் மூடியாச்சு, சரி. வாஷ்பேசின் மூடியாச்சு, சரி. போதாததற்கு ஒவ்வொரு குழாய்க்கு மேலும் நாள்காட்டித் தாளைச் சதுரமாக வெட்டி, பின்பக்கத்தில் 'மூடினேனா?' என்று அச்சு மாதிரி எழுதி, செல்லோ டேப் ஒட்டி வைத்திருக்கிறார். பல் தேய்க்கும்போது எதிரே மூடினேனா. பாத்திரம் தேய்க்கும்போது எதிரே மூடினேனா. அவளுக்குச் சில சமயம் அந்தக் காகிதம் அவரைக் கேட்கவில்லை, தன்னைத்தான் கேட்கிறது என்று தோன்றும், உடனே பார்வையைக் கீழே இறக்கிவிடுவாள். ஏனென்றால் குழாயைத் திறந்துவிட்டுப் போனது அவர் இல்லை. அவள்தான். அது அவளுக்குத் தெரியும், அந்தத் தட்டுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

தட்டு அதோ பாத்திர ஸ்டாண்டில், மற்ற தட்டுகளோடு தட்டாக, ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கிறது. மகன் சதீஷின் காதுகுத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டு, பின்பக்கம் கொடுத்தவர் பெயர் வெட்டியிருக்கும், பாதி தேய்ந்துவிட்டது. அதில் யாரும் சாப்பிடுவதில்லை. அதற்கு இந்த வீட்டில் வேறு உத்தியோகம். வெயில் காலத்தில் மாடி டேங்க் காலையிலேயே காலியாகிவிடும். கீழ்வீட்டு ஏகாம்பரம், வீட்டுக்காரர், லாரி வந்தால்தான் மோட்டார் போடுவார், லாரி எப்போது வரும் என்று லாரிக்கே தெரியாது. அதனால் குழாயைத் திறந்தே வைத்து, கீழே சிங்க்கில் தட்டைக் கவிழ்த்துச் சாய்த்து வைத்துவிடுவாள். தண்ணீர் வந்ததும் தட்டு கணகணவென்று கத்தும், எந்த அறையில் இருந்தாலும் எழுந்து ஓடிக் குடம் குடமாகப் பிடித்துக்கொள்ளலாம். பதினோரு வருஷமாக அப்படித்தான். அவரும் அந்தச் சத்தத்துக்குத்தான் எழுந்திருப்பார், "வேதா, தட்டு" என்பார், அவ்வளவுதான், புரிந்துவிடும். அன்றைக்கு அவள் அண்ணன் மகளுக்கு வில்லிவாக்கத்தில் வளைகாப்பு. எட்டரைக்கு அவர் காபி டம்ளரைக் கழுவக் குழாயைத் திறந்தார், காற்று சீறியது, தண்ணீர் இல்லை. அவர் மூடிவிட்டுத்தான் போனார். மூடியிருந்தது. அவளுக்குத் தெரியும், ஏனென்றால் பிறகு வந்து அதைத் திறந்தவள் அவள்தான், கிளம்புவதற்குள் லாரி வந்தால் ஒரு குடமாவது பிடிக்கலாமே என்று தட்டைக் கவிழ்த்து வைத்தாள். தலைக்குப் பூ வைத்தாள். வளையல் டப்பாவைத் தேடினாள். அவர் முன்னாலேயே கீழே இறங்கிப் போயிருந்தார், ஆட்டோக்காரன் ஹார்ன் அடித்தான், அண்ணி போன் பண்ணினாள், கை ஓடவில்லை கால் ஓடவில்லை, கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். தட்டு இருக்கிறதே என்ற நினைப்பு வரவே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. ஆட்டோவில் போகும்போதாவது மனசில் ஏதாவது உறுத்தியிருக்கக் கூடாதா, ஒன்றுமில்லை, வழியெல்லாம் அண்ணியின் புடவை என்ன நிறமாயிருக்கும் என்று யோசித்துக்கொண்டு போனாள்.

புளிசாதம் பரிமாறும்போது ஏகாம்பரம் போன் பண்ணினார். லாரி வந்து டேங்க் நிரப்பி இரண்டு மணி நேரமாம், அவர் வீட்டு மேற்கூரையிலிருந்து சொட்டுகிறதாம், மாடி வால்வை அவரே மூடிவிட்டாராம். அடித்துப் பிடித்து வந்தார்கள். படியிலேயே அவள் கணவரை ஏகாம்பரம் பிடித்துக்கொண்டார், அந்த இடைவெளியில் அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். சாய்த்து வைத்த தட்டு சரிந்து, ஓட்டையின் மேல் அப்பிக்கொண்டு, சிங்க் நிறையத் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. கையை விட்டு எடுத்தாள். தண்ணீர் குடகுடவென்று இறங்கியது. குழாயை மூடினாள். தட்டை முந்தானையால் துடைத்தாள். ஸ்டாண்டில் வைத்தாள். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவள் மனசு மாவு அரைக்கும் கல் மாதிரி அங்கேயே சுற்றும். ஏன் துடைத்தாள்? வீடு முழுக்கத் தண்ணீர் நிற்கிறது, அந்த ஒரு தட்டை மட்டும் ஈரம் போகத் துடைப்பானேன்? யாரிடம் மறைக்கிறோம் என்று நினைத்துத் துடைக்கவில்லை, அது சத்தியம். கை துடைத்தது. ஆனால் கை அவளுடையதுதானே. அப்புறம் அவர் வந்தார், "எது?" என்றார். "கிச்சன் குழாய்." "திறந்தா இருந்துச்சு?" "ம்." அவர் சிங்க்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான்தான் டம்ளர் கழுவத் திறந்தேன். தண்ணி வரல. மூடினேனே. மூடினேன்னுதான்..." என்று நிறுத்தினார். பின்னால் வந்த ஏகாம்பரம், கத்துவதற்கென்றே மேலே ஏறி வந்த மனுஷன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "வயசாயிடுச்சி, விடுங்க சார், யாருக்கும் வர்றதுதான்" என்றார். அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் ஒரு நொடி. ஏகாம்பரத்தின் கோபம் அடங்கியதில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியில் அந்த ஒரு நொடி போய்விட்டது. போனால் என்ன, ராத்திரி சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ராத்திரி அவர் தூங்கவில்லை. மறுநாள், "மூடினேன்னு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். அதற்கடுத்த நாள், "மூடின மாதிரிதான் இருக்கு" என்றார். மூன்றாம் நாள், "மூடல போல" என்றார், நான்காம் நாள் காகிதம் ஒட்டினார். இருந்த ஞாபகத்தைத் தானே உட்கார்ந்து ஒவ்வொரு செங்கல்லாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இதில் சதீஷ் வேறு. ஹைதராபாத்திலிருந்து வீடியோவில் வந்து அவரிடம், "அப்பா, இன்னிக்கு என்ன கிழமை?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான், அந்தச் சிரிப்பை அவள் மன்னிக்கவே மாட்டாள். அவரும் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நேராக உட்கார்ந்து, "செவ்வாய்" என்றார். பிறகு அவளிடம் தனியாக, போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரரைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டாரே, வண்டியில் சாவியை விட்டுவிட்டு வந்தாரே, நான் அப்பவே சொன்னேன் என்றான். அவளும்தான் மாதம் நாலு தடவை சாவியை விடுகிறாள், அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. ஸ்கூட்டர் சாவியை வாங்கி உள்ளே வை, தனியா வெளியே அனுப்பாதே, திங்கட்கிழமை நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன், அவர் பார்த்து வேறே மாதிரி சொன்னால் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு இங்கேயே வந்துவிடுங்கள் என்றான். அவன்தான் இந்த இன்சூரன்ஸும் போட்டவன். வாடகை வீட்டுக்கு எதற்கடா, வீடே நம்முடையது இல்லையே என்று அவள் கேட்டபோது, வீட்டுக்கு இல்லம்மா, உள்ளே இருக்கிற உங்க சாமானுக்கு என்றான். சாமானுக்குப் போட்டான். சாமானைப் பார்க்க ஆள் வருகிறது. பீரோவும் மெத்தையும் கெட்டது எல்லோருக்கும் தெரிகிறது. கெட்டுக்கொண்டிருக்கும் இன்னொன்று பால்கனியில் நின்று, கீழே பால் கடைக்குப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாற்பது வருஷம் பால் வாங்கி வந்த மனுஷன். இப்போது "நான் போகட்டுமா?" என்று கேட்கிறார். சதீஷ் சொன்னதற்காக அவள், "இருங்க, நானே போறேன்" என்கிறாள். அப்படிச் சொல்லும்போது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. சொல்லிவிடலாம், இன்றைக்கே, இதோ பால்கனிக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தாள். மூன்று தடவை இப்படி எழுந்திருக்கிறாள். ஒரு தடவை துணி காயவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள், ஒரு தடவை சாப்பிட வாங்க என்று சொன்னாள், ஒரு தடவை அவரே திரும்பி, "ஏதாவது திறந்து வெச்சிட்டனா?" என்று கேட்டார், அன்றைக்கு அழுகை வந்துவிட்டது. முதல் நாள் சொல்லியிருந்தால் தட்டு ஒரு தட்டு. இப்போது அது ஒன்பது நாள். இந்தத் தடவை எழுந்தபோது அழைப்பு மணி அடித்தது, அவளுக்கு என்ன சொல்வது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

வந்தவள் சின்னப் பெண், முப்பது இருக்கலாம், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "சர்வேயர்மா, மெஹ்ருன்னு பேரு, பஸ் கிடைக்கல, சாரி" என்றாள். கையில் ஈரம் பார்க்கிற சின்னக் கருவி, தோளில் பை. சுவரில் நாலு இடத்தில் வைத்துப் பார்த்தாள், பீரோவின் காலைத் தட்டிப் பார்த்தாள், மாடிக்குப் போய் மெத்தையைப் படம் எடுத்தாள். தணிகாசலம் அவள் பின்னாலேயே இரண்டடி தள்ளி, அதிகாரி ஆய்வுக்கு வந்த மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நடந்தார். கடைசியில் மூன்று பேரும் சமையலறையில் நின்றார்கள். அந்தப் பெண் குழாய்க்கு மேலிருந்த காகிதத்தைப் படித்தாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது, ஓட்டை வழியாகத் தாராளமாக இறங்கிப் போனது.

"நல்லா போகுதே" என்றாள். "குழாய் திறந்தே இருந்தாலும் எப்படி ரொம்பிச்சு?"

வேதவல்லி பாத்திர ஸ்டாண்டைப் பார்த்தாள். அது அந்தப் பெண்ணின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

"பருக்கை ஏதாவது அடைச்சிருக்கும்மா" என்றார் தணிகாசலம். "நான் டம்ளர் கழுவினேன். அதுக்கு முன்னாடி தட்டுல இருந்தத சரியா தட்டாம போட்டிருப்பேன். என் தப்புதான்." இல்லாத பருக்கையையும் அவரே சுமந்துகொண்டார். ஒரு தப்பை ஒத்துக்கொண்டவனுக்கு மற்ற தப்பெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது.

"சரி சார். நீங்களே ஒரு ஸ்டேட்மென்ட் எழுதிக் கொடுத்துடுங்க. நடந்தத அப்படியே. கீழ கையெழுத்து." அவள் ஒரு தாளையும் அட்டையையும் நீட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவையே எடுத்து, மேடை மேல் அட்டையை வைத்து, தேதி போட்டு, விலாசம் எழுதி, கோடு போடாத தாளில் கோடு போட்ட மாதிரி எழுத ஆரம்பித்தார். நடுவில் நிறுத்தினார். "மறதின்னு போடணுமாம்மா? கவனக்குறைவுன்னு போட்டா ஆகாதா?"

"கவனக்குறைவுன்னா மேல கேள்வி வரும் சார். மறதின்னா, வயசுல பெரியவங்கன்னு விட்டுடுவாங்க. எனக்குத் தெரிஞ்சு பாஸ் ஆயிடும்."

அவர் பேனாவைத் தாளுக்கு ஒரு விரல்கடை மேலே பிடித்துக்கொண்டு நின்றார். முப்பத்துநான்கு வருஷத்தில் அவர் பெயரில் ஒரு கவனக்குறைவு இல்லை என்று ஓய்வு பெற்ற அன்று வாசித்தார்கள், அந்தப் பேப்பரைக் கண்ணாடி போட்டு மாட்டினார், அதுவும் அன்றைக்குத் தண்ணீரில் விழுந்து மை கரைந்துவிட்டது, இன்சூரன்ஸ் பட்டியலில் அதை எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். கவனக்குறைவு என்றால் ஒரு நாள் செய்தது. மறதி என்றால் இனிமேல் அவர். இது அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் நிற்கிறார். அப்புறம் பேனா இறங்கியது. 'என்' என்று எழுதினார். வேதவல்லிக்கு அந்த எழுத்தின் மேல் கையை வைத்து மறைத்துவிட வேண்டும் போலிருந்தது.

"எழுதாதீங்க" என்றாள். குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "நீங்க மூடிட்டுத்தான் போனீங்க. நான்தான் மறுபடி திறந்தேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார். ஒன்பது நாளில் முதல் சிரிப்பு. "வேதா" என்றார், கல்யாணமான புதிதில் கூப்பிட்ட மாதிரி. "எனக்காக நீ இதெல்லாம் சொல்ல வேணாம். பரவால்ல விடு."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கம்மாவும் இப்படித்தான், வாப்பாவ விட்டே கொடுக்க மாட்டாங்க" என்றாள் மெல்ல. இரண்டு பேரும் வேதவல்லியை அத்தனை அன்பாகப் பார்த்தார்கள். அவளுக்கு ஒரு கணம் சபலம் தட்டியது. சொல்லியாச்சு. நம்பாதது அவர் பாடு. இதைவிட வாகாக யாருக்கு அமையும், உண்மையைச் சொன்ன புண்ணியமும் ஆயிற்று, நல்ல பெண்டாட்டி என்ற பெயரும் ஆயிற்று, பணமும் வரும். அவர் மறுபடி பேனாவைப் பிடித்தார். 'என் மற' வரைக்கும் வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு இன்னும் அவர் முகத்தில் இருந்தது, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவள் ஸ்டாண்டிலிருந்து அந்தத் தட்டை எடுத்தாள். சிங்க்கில் கவிழ்த்துச் சாய்த்து வைத்தாள். குழாயைத் திறந்தாள். தட்டு கணகணவென்று கத்தியது. பேனா நின்றது. பதினோரு வருஷமாக எழுப்பிய சத்தம், அவர் உதடு தானாகவே "தட்டு" என்று அசைந்தது. தண்ணீரின் வேகத்தில் தட்டு மெல்ல நகர்ந்து, சறுக்கி, டக்கென்று ஓட்டையின் மேல் படிந்தது. சத்தம் அடங்கியது. தண்ணீர் தட்டைச் சுற்றி ஏற ஆரம்பித்தது, ஒரு விரல், இரண்டு விரல், நாலு விரல். மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "கிளம்புற அவசரத்துல வெச்சேன். மறந்துட்டேன்" என்றாள். "வந்ததும் நான்தான் எடுத்துத் தொடச்சு வெச்சேன்."

அவர் கையை நீட்டிக் குழாயை மூடினார். அவள் வழக்கம்போல் அடுத்ததற்காகக் காத்திருந்தாள், நாக்கு நுனியில் 'சரி' தயாராக இருந்தது. 'மூடியாச்சு' வரவில்லை. தண்ணீருக்குள் கையை விட்டுத் தட்டை எடுத்தார், தண்ணீர் இறங்கும் வரைக்கும் பார்த்தார், தட்டை ஈரத்தோடே மேடை மேல் வைத்தார்.

"ஒம்பது நாள், வேதா" என்றார்.

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணிடம், "அவங்க சொல்றத எழுதிக்கோம்மா" என்றார். மேடையடியிலிருந்து பால் தூக்கை எடுத்தார். அலமாரியைத் திறந்து, அவள் புடவைகளுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். எங்கே இருக்கிறது என்று அவர் தேடவே இல்லை. வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. நான் போகட்டுமா என்று கேட்கவில்லை.

"தட்டு வெச்சதுன்னு எழுதினா கிளெய்ம் கஷ்டம்மா" என்று அந்தப் பெண் தயங்கினாள்.

"எழுதுங்க."

கீழே ஸ்கூட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் பால்கனிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "சார் தனியா போயிடுவாரா?"

"போவார்" என்றாள் வேதவல்லி. "எப்பவும் போறவர்தான்."

அந்தப் பெண் எழுத ஆரம்பித்தாள். வேதவல்லி குழாய்க்கு மேலிருந்த காகிதத்தை, அது ஒட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். அதைக் கிழிக்கக் கை போயிற்று. வேண்டாம் என்று விட்டுவிட்டாள், அது இனி அவளுக்குத்தான்.